இன்டர்வியூவில் கேட்ட கேள்வி

1972-இல் ஒரு கிளார்க் வேலைக்காக நேர்முகத் தேர்வுக்குப் போனேன். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஆங்கிலத்தில் என்ன கேட்பார்களோ என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆங்கிலக் கேள்விகள் இரண்டோடு முடிந்துவிட்டன. பிறகு நடுவில் இருந்த பெரியவர் தமிழில் கேட்டார்: "உங்க வீட்டுல யாராவது ஆப்ஷன் பண்ணியிருக்காங்களா?"

புதுச்சேரிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1956-இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்தவர்கள் இந்தியர் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். அதைத்தான் ஆப்ஷன் என்போம். சைகோனில் சொல்தாவாக இருந்த என் சித்தப்பா எழுதிக் கொடுத்தார், பென்ஷனும் வாங்கினார். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த நிமிஷம் என் வாயில் வந்தது, "இல்லீங்க ஐயா."

வேலை கிடைத்தது. பொய் சொன்னேன் என்று யாராவது மொட்டைக் கடிதம் போட்டுவிடுவார்களோ என்ற பயமும் கூடவே வந்தது. புரொபேஷன் முடியும்வரை சித்தப்பா வீட்டுப் பக்கம் பகலில் போகவில்லை. அவருக்கு அது தெரிந்திருக்கும். கேட்டதில்லை.

பின்னாளில் சில வரலாறுகளைப் படித்தபோது, பெண்கள் பட்டதற்கு முன்னால் என் கதை ஒன்றுமே இல்லை என்று புரிந்தது.

சி. பி. முத்தம்மா கூர்க்கைச் சேர்ந்தவர், சென்னையில் படித்தவர். 1949-இல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த முதல் பெண். இது பெண்களுக்கு ஏற்ற வேலை இல்லை என்று தேர்வுக் குழுவே அவரைத் திருப்பிவிடப் பார்த்தது. திருமணம் செய்துகொண்டால் ராஜினாமா செய்வதாக எழுதியும் வாங்கிக்கொண்டார்கள். 1951-இல் ஐ.ஏ.எஸ். தேறிய அன்னா ராஜம் ஜார்ஜுக்கும் அதே கதைதான். கல்யாணம் ஆனால் வேலை போகும் என்று அவருடைய நியமன உத்தரவிலேயே இருந்தது. சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த ராஜாஜி, ஒரு பெண்ணை வெளியே அதிகாரப் பதவியில் போடத் தயங்கி, தலைமைச் செயலகத்தில் இடம் தருவதாகச் சொன்னார். அந்தப் பெண் விடவில்லை. ஓசூரில் சப் கலெக்டராகப் போனார். பிற்பாடு விதி மாறியது. திருமணமும் செய்துகொண்டு வேலையிலும் தொடர்ந்தார்.

முத்தம்மா 1979-இல் உச்ச நீதிமன்றம் போனார். வெளிநாட்டுப் பணியில் இருக்கும் பெண் மட்டும் கல்யாணத்துக்கு அரசின் அனுமதி வாங்க வேண்டும் என்றது ஒரு விதி. கல்யாணமான பெண் அந்தப் பணியை உரிமையாகக் கேட்க முடியாது என்றது இன்னொன்று. குடும்பத் தொல்லை ஆணுக்கு மட்டும் கிடையாதா என்ற கருத்தில் நீதிபதி கிருஷ்ணய்யர் கடுமையாக எழுதினார். அதற்குள் ஒரு விதியை அரசு எடுத்துவிட்டிருந்தது. மற்றதையும் எடுக்கப் போவதாக நீதிமன்றத்தில் சொன்னது.

என்னை உலுக்கியது மூன்றாவது வழக்கு. 1989-இல் எல்.ஐ.சி.யில் உதவியாளர் வேலைக்குத் தேர்வான ஒரு பெண்ணிடம் ஒரு படிவம் கொடுத்தார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக எந்தத் தேதி, எத்தனை முறை கருத்தரித்தது என்றெல்லாம் அதில் கேள்விகள். நிரப்பிக் கொடுத்தார். நிறுவனத்தின் டாக்டரே பரிசோதித்துத் தகுதி என்று சொன்னார். செப்டம்பரில் வேலையில் சேர்ந்து, டிசம்பரில் பிரசவ விடுப்பில் போனார். 1990 ஜனவரியில் குழந்தை பிறந்தது. பிப்ரவரியில், விடுப்பு முடியும் முன்பே, வேலையிலிருந்து நீக்கினார்கள். படிவத்தில் தேதியை மறைத்துப் பொய் சொன்னார் என்பது அவர்கள் வாதம். உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றம் போனார். 1991-இல் தீர்ப்பு வந்தது. இப்படிப்பட்ட கேள்விகள் ஒரு பெண்ணுக்குக் கூச்சமும் அவமானமும் தருபவை, அந்தப் பத்திகளையே படிவத்திலிருந்து எடுங்கள் என்று நீதிமன்றம் சொன்னது. வேலையும் திரும்பக் கிடைத்தது.

தேவையில்லாத கேள்வியின் கெடுதல் இதுதான். உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காது. மறைத்தால் பொய்யன் என்று பெயர், அதற்கும் வேலை போகும். முதலில் தப்பு செய்தது கேட்டவர். குற்றவாளி ஆவது பதில் சொன்னவர்.

போன வருஷம் என் பேத்தியை ஒரு கம்பெனியில், "கல்யாணம் எப்போ?" என்று கேட்டார்களாம். "ராத்திரி ஷிப்ட், வெளியூர் வேலை இதெல்லாம் என்னால முடியுமான்னு கேக்கறீங்கன்னா, முடியும் சார்" என்று சொல்லியிருக்கிறாள். கேட்டவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். பொய்யும் இல்லை, சண்டையும் இல்லை. வேலைக்குத் தேவையான பதில் மட்டும்.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இந்தப் பதில் எனக்குத் தோன்றியிருந்தால், சித்தப்பா வீட்டுக்குப் பகலிலேயே போய் வந்திருப்பேன்.