தொகைச்சொல்லும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சொற்கள் உருபு முதலியன மறைந்து ஒரு சொல்போல் நிற்பது தொகைச்சொல் ஆகும். வேற்றுமை, வினை, பண்பு, உவமை, உம்மை, அன்மொழி எனத் தொகை ஆறு வகைப்படும். புதிய கலைச்சொற்கள் பல இவ்வகைகளில் அமைந்தவை.

வரலாறு

1887-இல் சாமனாஃப் வெளியிட்ட எசுப்பெராந்தோ என்னும் செயற்கை மொழியும் சொற்களை இணைத்தே பெருகுகிறது. அதில் 'வாபோர்' (நீராவி), 'ஷிப்' (கப்பல்) என்னும் வேர்கள் சேர்ந்து 'வாபோர்ஷிப்போ' ஆகும். தமிழின் 'நீராவிக்கப்பல்' போலவே முதன்மைச் சொல் இறுதியில் நிற்கிறது. ஆனால் அம்மொழியை ஒருவர் வகுத்தார். தமிழில் யார், எவ்வாறு ஆக்குவது என்பதே பூசலாயிற்று.

1916-இல் இராசாசி முதலியோர் சேலத்தில் கலைச்சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் தொடங்கினர். 1940-இல் சீனிவாச சாஸ்திரி தலைமையில் அரசு அமைத்த குழு வடமொழி வழிச் சொற்களின் பக்கம் சாய்ந்தபோது தமிழறிஞர்கள் எதிர்த்தனர். பள்ளிப் பிள்ளைகள் அறிவியலை எச்சொற்களில் கற்பது என்பதே அவர்களுக்கிடையே இருந்த கேள்வி.

அமைப்பு

'பேருந்து' பண்புத்தொகை. பெருமை + உந்து என்பதில் 'மை' கெட்டு, முதலெழுத்து நீண்டு 'பேருந்து' ஆயிற்று. 'மிதிவண்டி' வினைத்தொகை, மிதித்த, மிதிக்கின்ற, மிதிக்கும் வண்டி என முக்காலத்திற்கும் பொருந்தும்.

பழனியில்

பழனி மலைக்கோயிலில் 1966 முதல் இயங்குவது இழுவை ரயில். 2004-இல் வந்தது கம்பிவட ஊர்தி. பின்னது 'கம்பிவடத்தால் இயங்கும் ஊர்தி' என விரியும். ஆதலால் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'இழுவை ரயில்' தமிழும் ஆங்கிலமும் கலந்த தொகை. பேச்சிலோ 'விஞ்ச்', 'ரோப் கார்' என்பனவே வழங்குகின்றன. விஞ்ச் என்பது உண்மையில் வடத்தைச் சுருட்டி இழுக்கும் பொறியின் பெயர். பழனியில் அது வண்டிக்கே ஆகிவந்தது.

2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பழனி பஞ்சாமிர்தத்தின் பெயரும் தொகையே. பஞ்ச + அமிர்தம் வடமொழிப் புணர்ச்சிப்படி பஞ்சாமிர்தம் ஆயிற்று.  நாவில் நிலைத்த சொல் அது.

'பேருந்து' பேருந்து நிலையப் பலகையிலும் பயணச்சீட்டிலும் நாள்தோறும் கண்ணில் பட்டதால் ஊன்றியது. இலக்கணம் ஒரு சொல்லைப் பிழையின்றி ஆக்கித் தரும். அதை வாழவைப்பது வழக்கே.