மெட்டு தங்கியவரும் சொல் தங்கியவரும்

சேத்துப்பட்டு லூர்து மாதா கோயிலானாலும் திருக்கழுக்குன்றத்து மலைக்கோயிலானாலும், நம் பக்கத்துப் பக்திப் பாட்டுப் புத்தகங்களில் பெரும்பாலும் வரிகள்தான் இருக்கும். மெட்டு, பாடுகிறவர் நெஞ்சில். பாடுகிறவர் போய்விட்டால் என்ன ஆகும்? பார்வையற்ற இருவரின் கதையில் இதற்கு இரண்டு விடைகள் கிடைக்கின்றன.

அந்தகக்கவி வீரராகவ முதலியார் 17ஆம் நூற்றாண்டுக்காரர். தொண்டை நாட்டுப் பூதூரில் பிறந்து பொன்விளைந்த களத்தூரில் வாழ்ந்தவர். பிறவியிலேயே பார்வை இல்லை. முதுகில் எழுத்தை எழுதிக் காட்டக் காட்டத் தமிழ் கற்றார் என்பார்கள். டர்லோ ஓ கரோலன் அயர்லாந்துக்காரர், 1670இல் பிறந்தவர். 18 வயதில் பெரியம்மை கண்களைப் பறித்தது. மக்டெர்மட் ரோ என்ற செல்வக் குடும்பத்து அம்மாள் அவருக்கு ஹார்ப் கற்பிக்க ஏற்பாடு செய்தார். மூன்றாண்டு கழித்து ஒரு குதிரையும் வழிகாட்ட ஓர் ஆளும் தந்து அனுப்பினார். 1738இல் இறக்கும்வரை அவர் ஊர் ஊராகப் போய்ப் பிரபுக்களைப் பாடினார். வீரராகவரும் புரவலரைத் தேடி நடந்தவர்தான். யாழ்ப்பாணத்துப் பரராசசேகர மன்னனிடம் யானைப் பரிசு பெற்றார் என்பது வழிவழிச் செய்தி. பரிசாக வந்த யானைக்குப் பாணன் சொல்லும் பெயர்களையெல்லாம் அவன் மனைவி சந்தனம், பொன், கரும்பு என்று காதில் வாங்கிக்கொள்ளும் அவருடைய வேடிக்கைப் பாட்டு இன்றும் தனிப்பாடல் பிரியர்களுக்குப் பாடம். செவியாலேயே உலகைக் கண்டவருக்குச் சிலேடை கைவந்ததில் வியப்பில்லை.

ஆனால் வீரராகவரின் பெரும் உழைப்பு கோயிலுக்கே போனது: திருக்கழுக்குன்றப் புராணம், திருவாரூர் உலா, சேயூர் முருகன் பிள்ளைத்தமிழ். கரோலனுக்கு அந்த வாய்ப்பு குறைவு. கத்தோலிக்கரை ஒடுக்கிய சட்டங்கள் நடந்த காலம் அது. பூசையே ஒளிந்து நடந்த இடத்தில் தேவாலய இசைக்கு யார் ஆதரவு தருவார்? அவர் கலை மாளிகைக் கூடங்களில் தங்கியதற்குப் பக்திக் குறைவைக் காரணம் சொல்வது அநியாயம்.

கரோலன் குதிரைமேல் போகும்போதே முதலில் மெட்டைக் கட்டி, பிறகு சொல்லைப் பொருத்துவார். அயர்லாந்துக் கவிஞர்களின் வழக்கம் அதுவல்ல. அவர் உயிரோடிருந்தபோதே, 1724 வாக்கில், டப்ளினில் சில மெட்டுகள் அச்சேறின. 1792இல் பெல்ஃபாஸ்டில் கூடிய ஹார்ப் கலைஞர்களின் வாசிப்பை எட்வர்ட் பண்டிங் என்ற இளைஞர் சுரக்குறிப்பாக எழுதிக்கொண்டார். இன்று 200க்கும் மேற்பட்ட கரோலன் மெட்டுகள் உண்டு; பலவற்றுக்குச் சொல் இல்லை. வீரராகவருக்கு நேர் எதிர். ஓலையில் ஏறியது சொல் மட்டும். ஆரணித் தறிக்காரர் பேச்சில் சொன்னால், ஒருவரிடம் பாவு மிஞ்சியது, மற்றவரிடம் ஊடை.

இரண்டு இழப்பும் ஒன்றுதானா? இல்லை என்பேன். விருத்தத்தின் சந்தம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. பாடுகிறவர் எந்த ராகத்திலும் எடுக்கலாம். பிள்ளைத்தமிழை இன்றும் ராகமாலிகையாகப் பாடுவோர் இருக்கிறார்கள். வீரராகவர் எப்படிப் பாடினார் என்பதுதான் போயிற்று. கரோலன் என்ன சொல்லிப் பாராட்டினார் என்பதை, சொல் தொலைந்த பாட்டில், எந்த மெட்டும் திருப்பித் தராது. பல மெட்டுகளுக்குப் புரவலரின் பெயரே தலைப்பு. அந்தத் தலைப்பு மட்டும் கல்வெட்டுப் போல நிற்கிறது.

எழுதிவைக்க இருவருமே பிறர் கையை நம்பியவர்கள். அந்தச் சார்பிலிருந்து பார்வையற்றோரை ஓரளவு விடுவித்தவர் பாரிஸ் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்த, தாமும் பார்வையற்றவரான லூயி பிரெயில். 1829இல் வந்த அவருடைய முதல் புத்தகமே சொல், இசை, தேவாலயப் பண் மூன்றையும் புள்ளிகளால் எழுதும் முறையைச் சொன்னது. கரோலன் இறந்து அப்போது 91 ஆண்டுகள். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி வந்தது 1890இல். வீரராகவருக்குப் பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாவது கழிந்திருந்தன.