அறக்கட்டளையும் தணிக்கையும்: தென்காசி வட்டாரத்தை முன்வைத்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஆய்வுச் சுருக்கம்

மேலாண்மை முறைமைத் தரச்சான்று இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தொழில்துறையில் உருவான நடைமுறை. எனினும் நெறியை முன்னரே எழுதி வைத்தல், நடப்பை அதனோடு ஒப்பிடுதல், குறையைத் திருத்துதல் ஆகிய அதன் மூன்று கூறுகளும் தமிழகக் கோயில் நிருவாகத்தில் பழமையானவை. தென்காசி, குற்றாலம் வட்டாரத்தை மையமாகக் கொண்டு, தணிக்கை எதனை அளந்தது, எதனை அளக்காது விட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: தணிக்கை, தரச்சான்று, ஸ்ரீகாரியம், தென்காசி, அறநிலையச் சட்டம்

தரச்சான்றின் இன்றைய அமைப்பு

பிரித்தானியாவில் 1979இல் வெளியான பிஎஸ் 5750 என்னும் தரத்தை அடியொற்றி, பன்னாட்டுத் தர நிருணய அமைப்பு 1987இல் ஐஎஸ்ஓ 9001 தரத்தை வெளியிட்டது. 2015இல் அது விரிவாகத் திருத்தப்பட்டது. தரத்தை வகுக்கும் இவ்வமைப்பு எவருக்கும் சான்று வழங்குவதில்லை. சான்றளிப்பு நிறுவனங்களே அப்பணியைச் செய்கின்றன. அந்நிறுவனங்களின் தகுதியை மதிப்பிட்டு ஏற்பளிப்பதற்கு இந்தியாவில் இந்தியத் தரக்குழுமத்தின் கீழ்த் தேசிய அங்கீகார வாரியம் இயங்குகிறது.

தணிக்கை இரு நிலைகளில் நடைபெறும். முதல் நிலையில் ஆவணங்களும் ஆயத்தமும் பார்க்கப்படுகின்றன. இரண்டாம் நிலையில் எழுதப்பட்டவை நடைமுறையில் உள்ளனவா என்பது பதிவேடுகள், நேர்காணல், நேரடிப் பார்வை ஆகியவற்றால் ஆராயப்படுகிறது. காணப்படும் இணக்கமின்மைகளுக்குக் காரணம் கண்டறிந்து திருத்த வேண்டும். சான்று மூன்றாண்டு செல்லுபடியாகும். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. இங்குச் சான்று பெறுவது பொருளன்று, அதனை ஆக்கும் முறைமையே என்பது கருதத்தக்கது. தணிக்கைக்கு உட்படும் நிறுவனமே அதற்குரிய கட்டணத்தையும் செலுத்துகிறது. ஆதலால் தணிக்கையாளரின் நடுநிலை இம்முறையின் நீங்காத சிக்கலாக உள்ளது.

கல்வெட்டுகளில் தகுதியும் ஆராய்ச்சியும்

திருநெல்வேலிக்கும் சங்கரன்கோயிலுக்கும் இடைப்பட்ட மானூரில் உள்ள மாறஞ்சடையன் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டு, ஊர்ச்சபையில் பங்கேற்பதற்குரிய தகுதிகளை வரையறுக்கிறது. நிலவுரிமை, கல்வி, நல்லொழுக்கம் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. சபையில் எதற்கெடுத்தாலும் மறுப்புக் கூறி நடவடிக்கையைத் தடுப்போருக்கு ஐந்து காசு தண்டமும் விதிக்கப்பட்டுள்ளது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு இதனினும் ஒருபடி மேற்செல்கிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் தேர்வுக்குரியர் ஆகார் என்கிறது. கணக்குக் காட்டுதலைப் பதவித் தகுதியோடு பிணைத்த விதி இது.

சோழர் ஆட்சியில் அரச அலுவலர் கோயில்களுக்கு நேரிற் சென்று ஸ்ரீகாரியம் ஆராய்ந்தமைக்குச் சான்றுகள் பல. முதலாம் இராசராசன் காலத்தில் மதுராந்தகன் கண்டராதித்தன் இப்பணியில் ஈடுபட்டவன். கோயில் காரியங்களை விசாரித்து, தவறியோரைத் தண்டித்து, நிருவாகத்தைச் சீர்செய்தான். கல்லில் வெட்டிய நிவந்தம் நெறியாகவும், நாள்வழிபாடு நடப்பாகவும், அலுவலனின் ஆணை திருத்தமாகவும் அமைந்தன. ஆராய்வோன் கோயிலாரால் அமர்த்தப்பட்டவன் அல்லன் என்பதே இம்முறையின் வலிமை. ஆனால் அவ்வலிமை அரசின் நிலைபேற்றைச் சார்ந்திருந்தது.

தென்காசி: ஆராய்வோர் இல்லாத நெறி

அரசு நிலைகுலைந்தால் நிவந்தத்தைக் காப்பவர் யார்? இவ்வினாவைத் தென்காசிக் காசி விசுவநாதர் கோயில் தெளிவாக எழுப்புகிறது. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் 1446இல் இக்கோயிற் பணியைத் தொடங்கினான். இராசகோபுரப் பணி 1457இல் தொடங்கி அவனுக்குப் பின்னரே நிறைவுற்றது. மதுரை பாண்டியர் கையைவிட்டு நீங்கிய பின், தென்கோடியில் ஒதுங்கிய ஒரு மரபின் எழுச்சி இக்கோயில்.

இங்குள்ள செய்யுட் கல்வெட்டுகளில் மன்னன் வருங்காலத்தாரை நோக்கி வேண்டுகிறான். கோயிலுக்குச் சிதைவு நேர்ந்தால் அதனைச் செப்பனிடுவோரின் அடிகளைத் தான் பணிவதாகக் கூறுகிறான். ஆணையிடும் இடத்திலிருந்து வேண்டிக்கொள்ளும் இடத்திற்கு அரசன் இறங்கி வருவது வெறும் பணிவுரையாகத் தோன்றவில்லை. ஆராய்ந்து திருத்தும் அலுவலர் அமைப்பு நிலைக்கும் என்ற நம்பிக்கை அவனுக்கு இல்லாமற் போனதன் வெளிப்பாடாகவும் அதனைக் கொள்ளலாம். பின்னாளில் இராசகோபுரம் சிதைந்து, நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1990இல்தான் அது மீண்டும் எழுப்பப்பட்டுக் குடமுழுக்குக் கண்டது.

ஒரே வட்டாரம், இரு நிருவாகங்கள்

1817ஆம் ஆண்டின் ஏழாம் ஒழுங்குமுறைச் சட்டம் சென்னை மாகாண அறக்கட்டளைகளை வருவாய் வாரியத்தின் மேற்பார்வையில் வைத்தது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அப்பொறுப்பை அரசிடமிருந்து விலக்கி உள்ளூர்க் குழுக்களிடம் அளித்தது. அறங்காவலர் முறையான கணக்கு வைக்கவும், குழுவினர் ஆண்டுக்கொரு முறையேனும் அதனைக் கேட்டுப் பெறவும் அது பணித்தது. 1927ஆம் ஆண்டின் இந்து அறநிலையச் சட்டமும் பின்வந்த 1951, 1959ஆம் ஆண்டுச் சட்டங்களும் மேற்பார்வையை நிலையான அமைப்பாக்கின. 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் 87ஆம் பிரிவு கணக்கையும் தணிக்கையையும் பற்றியது. தென்காசிக் கோயிலும் குற்றாலநாதர் கோயிலும் இவ்வழியில் வந்தவை.

தென்காசிக்கு மிக அருகிலுள்ள செங்கோட்டையோ திருவிதாங்கூரையும், பின்னர் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியையும் சார்ந்திருந்தது. அங்கு 1811இல் கர்னல் மன்றோ கோயில்களை அரசின் நேரடி நிருவாகத்தில் எடுத்துக்கொண்டார். சில மைல் தொலைவுக்குள் ஒருபுறம் அரசே நிருவாகியாகவும், மறுபுறம் அரசு மேற்பார்வையாளராகவும் இருந்துள்ளன. நிருவகிப்போரும் ஆராய்வோரும் ஒருவராக இருப்பதா, வேறாக இருப்பதா என்னும் இன்றைய தரச்சான்று விவாதம் இவ்வெல்லையில் முன்னரே நிகழ்ந்துள்ளது எனலாம்.

முடிவுரை

சோழர் கால ஆராய்ச்சி நிவந்தம் நிறைவேறியதா என்று கேட்டது. சட்டவழித் தணிக்கை பணம் முறையாகச் செலவானதா என்பதை முதன்மையாகக் கேட்கிறது. தரச்சான்றுத் தணிக்கை எழுதிய முறைமை பின்பற்றப்படுகிறதா என்று கேட்கிறது. கணக்கில் குறையில்லாத ஆண்டுகளிலும் கோபுரம் சிதைந்தே நிற்கக்கூடும். பதிவேடு செம்மையாக உள்ள நிறுவனத்திலும் பணி குன்றக்கூடும். ஆகவே எந்தத் தணிக்கையையும் மதிப்பிடுவோர், அது எந்த நெறியை அளவுகோலாகக் கொண்டது, ஆராய்வோர் யாருக்குக் கடப்பாடுடையவர், கண்ட குறையைத் திருத்தும் அதிகாரம் எவரிடம் உள்ளது என்னும் மூன்றையும் சேர்த்தே நோக்க வேண்டும். பராக்கிரம பாண்டியனின் நெறி கல்லில் நிலைத்தது. ஆராய்வோரும் திருத்துவோரும் நிலைக்கவில்லை. அந்த இடைவெளியே தென்காசி தணிக்கை வரலாற்றுக்கு அளிக்கும் பாடமாகும்.