நாயும் குழந்தையும்: யந்திரங்களை விற்ற மொழி

செம்பூருக்கும் மான்கூர்டுக்கும் இடையே உள்ள கோவண்டி ரயில் நிலையத்தில் இறங்கிச் சிவாஜி நகர்ப் பக்கமாக நடந்தால் பழஞ்சாமான் கடைகள் பல தென்படும். இவ்வூரார் அவற்றைப் பங்கார்க் கடைகள் என்பர். ஓடாத மின்விசிறி, இருண்டுபோன கணினி, கண்ணாடி சிதறிய கைப்பேசி ஆகியவற்றுக்கெல்லாம் அங்கே ஒரே மதிப்புத்தான், எடை. அத்தகைய குவியல் ஒன்றில் பழைய மர்பி வானொலிப் பெட்டி ஒன்று கிடக்கக் கண்டேன். மரம் உளுத்திருந்தது. பெயரைப் படித்தவுடன் என் நினைவில் எழுந்தது அந்தப் பெட்டியின் ஒலியன்று. சுட்டுவிரலை இதழோரம் வைத்துச் சிரிக்கும் ஒரு குழந்தையின் முகம்.

பொருள் மறைந்து, அதை விற்பதற்காக எழுதிய சித்திரம் மட்டும் நெஞ்சில் நிலைத்துவிட்டது. இந்த விந்தையின் வரலாறு ஒரு நாயிடமிருந்து தொடங்குகிறது.

இங்கிலாந்தில் பிரான்சிஸ் பராட் என்றோர் ஓவியர் இருந்தார். அவருடைய தமையனார் 1887இல் காலமானபின், அவர் வளர்த்த நிப்பர் என்னும் நாய் இவரிடம் வந்து சேர்ந்தது. அதுவும் 1895இல் இறந்தது. பேசும் யந்திரத்தின் குழாய்முன் தலையைச் சாய்த்து அந்த நாய் உட்கார்ந்திருப்பதாகப் பின்னர் ஒரு படம் எழுதினார் பராட். அவர் முதலில் எழுதியது எடிசன் வழிவந்த உருளை யந்திரத்தை. 1899இல் கிராமபோன் கம்பெனியார் படத்தை வாங்க முன்வந்தபோது ஒரு நிபந்தனை விதித்தனர்: அந்த யந்திரத்தை அழித்துவிட்டுத் தங்கள் யந்திரத்தை அவ்விடத்தில் எழுதித் தர வேண்டும். ஓவியரும் இசைந்தார். படத்துக்கு 50 பவுன், பதிப்புரிமைக்கு 50 பவுன் பெற்றுக்கொண்டார். அசல் ஓவியத்தில் மேல்வண்ணத்தின் அடியில் பழைய யந்திரத்தின் சாயல் இன்றும் புலப்படும் என்பர். யந்திரத்தை மாற்றினார்கள், நாயை மாற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த யந்திரமாயினும் சரி, கேட்கும் அந்தச் செவிதான் விலைபோகும் என்பதை வாங்கியவர்கள் அறிந்திருந்தார்கள்.

காகிதம் ஊமை. இசைத்தட்டு எவ்வளவு இனிமையாகப் பாடும் என்பதைப் பத்திரிகைப் பக்கத்தில் எப்படிக் காட்டுவது? சுழலும் தட்டு, அழுத்தமான முள், வலுவான சுருள்வில் என்று அடுக்கினால் படிப்பவர் மனம் அசையாது. கேட்பவரைக் காட்டினால் ஒலி தானே கேட்கும். 'எஜமானரின் குரல்' என்ற தலைப்பு இறந்தவரையும், பிரிவையும், நன்றியையும் ஒருங்கே நினைவூட்டியது. விற்பனைக்கு வந்ததோ திருகிவிட்டு ஓடும் ஒரு பெட்டி!

அதே கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பெர்க் 1902இல் கல்கத்தாவுக்கு வந்து நம் நாட்டுப் பாடகர்களின் குரல்களைப் பதிவு செய்தார். கௌஹர் ஜான் தம் பாட்டின் முடிவில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னது அந்தத் தட்டுகளில்தான். 1908இல் கல்கத்தாவிலேயே தட்டு அச்சிடும் தொழிற்சாலை ஏற்பட்டது. நாளடைவில் நாய் முத்திரை இசைத்தட்டு நாடெங்கும் பரவியது. ஆங்கிலம் அறியாதவர்க்கும் நாய்ப் படமே அடையாளமாயிற்று. அந்நியர் ஆட்சியின்கீழ் இருந்த ஒரு நாட்டில், எஜமானரின் குரலைப் பணிவோடு கேட்கும் நாயின் படத்தை வைத்துக்கொண்டே நம் முன்னோர் தேசபக்திப் பாடல்களையும் கேட்டு மகிழ்ந்தார்கள். இதை எண்ணி எத்தனை பேர் தமக்குள் நகைத்தனரோ!

வானொலியின் கதைக்கு வருவோம். பம்பாயில் 1927 ஜூலை 23 அன்று ஒலிபரப்பு நிலையம் தொடங்கியது. இங்கிலாந்தில் 1929இல் பிராங்க் மர்பியும் ஈ. ஜே. பவரும் சேர்ந்து மர்பி நிறுவனத்தை ஏற்படுத்தினர். மர்பி தம்முடைய புகைப்படத்தையே விளம்பரத்தில் அச்சிட்டு, எதிரே உட்கார்ந்து உரையாடுகிறவரைப் போல வானொலியைப் பற்றி எளிய சொற்களில் விளக்கினார். அது அறிவோடு பேசிய விளம்பரம். அதே பெயர் இந்தியாவுக்கு வந்து, பம்பாயை அடுத்த தானேயில் தொழிற்சாலையும் அமைந்தபின், புகைக்குழாய் பிடித்த பெரியவர் மறைந்தார், குழந்தை வந்தது.

அந்தக் குழந்தை ஒன்றும் சொல்லவில்லை. விரலை இதழருகே வைத்திருந்தது. "சற்றே பேசாதிருங்கள், கேளுங்கள்" என்று பொருள் கொள்ளலாம். வெறும் மழலைக் குறும்பு என்றும் கொள்ளலாம். நாயைப் போலவே குழந்தையும் கேட்கும் உருவந்தான். ஆனால் இங்கே எஜமானர் இல்லை, வீடு இருந்தது. கருவுற்ற பெண்கள் அழகிய குழந்தையின் படத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்னும் வழக்கமுடைய நாட்டில், அந்த நாட்காட்டிப் படம் ஆண்டு முடிந்தபின்னும் சுவரிலிருந்து இறங்கவில்லை. 2012இல் வெளிவந்த 'பர்ஃபி' என்னும் இந்தித் திரைப்படத்தின் நாயகனுக்கு மர்பி என்றே பெயர் சூட்டியிருந்தார்கள்.

இந்த இனிய மொழி சொல்லாமல் விட்டவை பல. பெட்டி வாங்கியதோடு செலவு முடியவில்லை. ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும். உரிமமின்றி வைத்திருப்பது குற்றம். 1980களின் நடுவில்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. வானொலிப் பெட்டியை விற்றவர்களுக்கு வானொலியிலேயே இடம் கிடைக்காததும் ஒரு வேடிக்கை. இலங்கை வானொலி விளம்பரங்களை ஏற்றுக்கொண்ட காலத்திலும் நம் அகில இந்திய வானொலி அவற்றுக்குக் கதவைச் சாத்தியிருந்தது. 1967 நவம்பர் 1 அன்றுதான் பம்பாய், பூனா, நாகபுரி நிலையங்களின் விவித் பாரதி ஒலிபரப்பில் வர்த்தக விளம்பரம் தொடங்கியது. அதுவரை அகில இந்திய வானொலியில் வாய்திறக்க வழியில்லாத விளம்பரக்காரர்கள் பத்திரிகையையும் நாட்காட்டியையும் பெரிதும் நம்பினார்கள். குழந்தையின் மௌனம் அவர்களுக்கு நன்றாகவே உதவியது.

பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. 2003இல் ஹட்ச் என்னும் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் மறுபடியும் ஒரு நாய் தோன்றியது. சுருங்கிய முகமுடைய பக் இன நாய், ஒரு சிறுவன் சென்ற இடமெல்லாம் அவன் பின்னாலேயே போயிற்று. எங்கே போனாலும் எங்கள் இணைப்பு உடன்வரும் என்பது கருத்து. 2009இல் அதன் வழிவந்த வோடபோன் நிறுவனம் ஜூஜூ என்ற வெள்ளை உருவங்களைக் காட்டியது. முட்டைத் தலையுடன் அவை பேசியது எந்த நாட்டு மொழியுமன்று, வெறும் உளறல். சித்திரப் பொம்மைகள் என்று பலர் நினைத்தனர். உள்ளே இருந்தவர்களோ உடுப்பணிந்த நடிகர்கள். பொருளற்ற சொல்லாலும் ஒரு நாட்டையே சிரிக்க வைக்கலாம் என்பது அன்று நிரூபணமாயிற்று.

எனினும் 1899இன் நாய்க்கும் 2003இன் நாய்க்கும் பெரிய வேற்றுமை உண்டு. நிப்பர் யந்திரத்தின் எதிரே அமர்ந்து கேட்டது. பக் நாயோ யந்திரத்தின் உருவகமாகவே வந்து மனிதனைப் பின்தொடர்ந்தது. நாம் நிற்கும் இடத்தைக் கைப்பேசி கணந்தோறும் குறித்துக்கொள்ளும் இந்நாளில், அந்த வேடிக்கை விளம்பரம் தான் எண்ணியதற்கும் மேலான உண்மையைச் சொல்லிவிட்டதோ என்று தோன்றுகிறது.

நாய், குழந்தை என்று உறவு கொண்டாடி வீட்டுக்குள் வந்த யந்திரங்கள் வெளியேறும் வழியை விளம்பரம் காட்டியதில்லை. மின்னணுக் கழிவுக்கு முதல் விதிகள் 2011இல் பிறந்தன. 2016இலும் 2022இலும் திருத்தி எழுதப்பட்டன. செய்தவரே திரும்பப் பெறும் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்கின்றன அவை. ஆனால் பெரும்பகுதி இன்னமும் பங்கார்க் கடைகள் வழியாகவே போகிறது. தாமிரத்துக்காகக் கம்பியை எரித்தால் எழும் நஞ்சுப் புகை, எரிப்பவரின் மூச்சிலேயே முதலில் கலக்கிறது.

நான் கண்ட கடைக்காரர் கைப்பேசிகளின் மின்சுற்றுத் தகடுகளை ஒரு சாக்கில் போட்டார். மர்பிப் பெட்டியைக் கவிழ்த்து, மின்மாற்றியின் தாமிரத்தையும் ஒலிபெருக்கியின் காந்தத்தையும் தனியே எடுத்தார். மரத்தை விறகோடு சேர்த்து வைத்தார்.