பொற்சீதையும் செருப்புக் காவலும்: அரவிந்தனின் 'சிதம்பரம்' இறுதிக் காட்சி பற்றி

ஜி. அரவிந்தனின் 'சிதம்பரம்' (1985) முடியும் விதத்தை வீடுபேற்றின் காட்சியாகப் படிப்பது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. தொழிலாளியின் மனைவி சிவகாமியோடு கொண்ட உறவும் அதனால் அவள் கணவன் உயிரை மாய்த்துக்கொண்டதும் தந்த குற்றவுணர்வு துரத்த ஊர் ஊராக அலைந்த சங்கரன் நடராசர் கோயிலுக்கு வந்து சேர்கிறான். அங்கே செருப்புகளைக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண் சிவகாமி என்று தெரிகிறது. கேமரா அவளை விட்டு விலகி, கோபுரச் சுவர்மீது ஊர்ந்து வானத்தில் போய் முடிகிறது. மேலே போவதால் விடுதலை, கோபுரம் இருப்பதால் அருள் என்கிறது அந்த வாசிப்பு. இதை ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு; தயக்கம் என்ற சொல்லையும் மரியாதை கருதியே இடுகிறேன்.

அந்த ஷாட்டின் பிறப்பிடம் சிதம்பரம் அன்று, எட்டாண்டுகளுக்கு முன் எடுத்த 'காஞ்சன சீதா' (1977) என்பதே இக்கட்டுரையின் கருத்து. சி. என். ஸ்ரீகண்டன் நாயரின் நாடகத்தைப் படமாக்க முயன்றபோது அரவிந்தன் ஒரு சிக்கலைச் சந்தித்தார். அதற்கு அவர் அன்று கண்ட வழியைத்தான் சிதம்பரத்தில் தலைகீழாக்கிப் பார்க்கிறார்.

ஸ்ரீகண்டன் நாயரின் நாடகம் பேச்சால் நிற்பது. அறத்தின் பெயரால் மனைவியைக் காட்டுக்கு அனுப்பிய அரசனை அதில் வாதங்கள் சூழ்ந்துகொள்கின்றன. மேடையில் அதுதான் பலம். காவாலம் நாராயண பணிக்கரின் 'அவனவன் கடம்ப'வைத் திறந்தவெளியில் இயக்கிப் பழகியவர் அரவிந்தன். மேடையின் பலம் தெரியாதவர் அல்லர். தெரிந்தே அதைக் கைவிட்டார். ஆந்திரக் காடுகளில் இராம செஞ்சுப் பழங்குடியினரை இராமனாகவும் இலக்குவனாகவும் நிறுத்தி, வசனத்தைப் பெரும்பகுதி உதிர்த்தார். சீதைக்கு நடிகையே இல்லை. இலை அசைந்தால், காற்று எழுந்தால், ஆறு சலனப்பட்டால் அவள் வந்திருக்கிறாள் என்று இராமன் அறிகிறான், நாமும் அறிகிறோம்.

இதைச் சாங்கியத் தத்துவத்தின் பிரகிருதி (இயற்கை)–புருடன் (ஆன்மா) கோட்பாட்டுக்குள் அடைத்துவிடுவது எளிது, பலரும் அதையே செய்தார்கள். அந்த விளக்கம் தலைப்பை மறந்துவிடுகிறது. காஞ்சன சீதை என்றால் பொன்னாலான சீதை. மனைவி அருகில் இல்லாமல் வேள்வி செய்ய முடியாது. ஆகவே அவளை அழைத்து வருவதற்குப் பதில் பொன்னில் ஓர் உருவம் செய்து பக்கத்தில் வைத்துக்கொள்கிறான் இராமன். உயிருள்ள பெண்ணின் இடத்தில் பளபளக்கும் படிமம். சீதையாக ஒரு நடிகையை நிறுத்தியிருந்தால் அரவிந்தனும் இன்னொரு பொற்சிலையைத்தான் வார்த்திருப்பார். படம் அவளுக்கு உடல் கொடுக்க மறுப்பது, இராமன் செய்த அதே காரியத்தைத் தானும் செய்யாமலிருக்க.

இப்போது 'சிதம்பரம்' நிகழும் மூணாறு மாட்டுப்பெட்டிப் பண்ணைக்கு வருவோம். பண்ணை அதிகாரியான சங்கரனின் கையில் புகைப்படக் கருவி இருக்கிறது. தொழிலாளி முனியாண்டி தன் ஊரிலிருந்து மணம் முடித்துக் கூட்டிவரும் சிவகாமியை அவன் படமெடுக்கிறான். அந்த மலைச்சரிவின் பச்சைக்கும் பூக்களுக்கும் நடுவே ஸ்மிதா பாட்டீலின் முகம் இருப்பதை ஷாஜி என். கருணின் ஒளிப்பதிவு எவ்வளவு அழகாகக் காட்டுகிறது என்பதில் மயங்கிப்போனவர்கள், அந்த அழகு யாருடைய கண்ணால் காட்டப்படுகிறது என்று கேட்கவில்லை. சங்கரன் எடுக்கும் புகைப்படம்தான் இந்தப் படத்தின் பொற்சீதை. முனியாண்டி மாட்டுத்தொழுவத்தில் தூக்கில் தொங்குவதற்கு வெகுமுன்பே அவள் படிமமாகிவிட்டாள்.

ஆகவே கடைசி ஷாட் மேலே எதைத் தேடிப் போகிறது என்பதைவிட, கீழே எதை விட்டு விலகுகிறது என்பதே முக்கியமான கேள்வி. இன்னொரு முறை அவளைப் படிமமாக்கும் வாய்ப்பு கேமராவுக்குக் கிடைக்கிறது: கோயில் வாசல், மன்னிப்பு, கண்ணீர், நெருக்கக் காட்சி. அதை அது எடுத்துக்கொள்ளவில்லை. முன்பு சீதையின் உடலைத் தர மறுத்த கை, இப்போது சிவகாமியின் முகத்தைத் தொடர்ந்து பார்க்க மறுக்கிறது.

இங்கே தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. மலையாள, ஆங்கில விமர்சனங்கள் அதைப் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. சிற்றம்பலத்தில் திரையை விலக்கினால் தெரிவது உருவம் அன்று, வெளி. அதன்மேல் தொங்குவது பொன் வில்வ மாலை. சிதம்பர ரகசியம் என்று கடலூர்ச் சந்தையில் காய் விற்பவரும் சொல்லிவிடுவார். பொன் இங்கே இல்லாமையை மறைக்கவில்லை. 'இங்கே உருவம் இல்லை' என்று வெளிப்படையாக அடையாளம் காட்டுகிறது. அயோத்தியின் பொன் அதற்கு நேர்மாறானது. இரண்டு பொன்னையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில், பொற்சீதையைப் படமாக்கியவர் ஏன் இந்த ஊருக்கு வந்தார் என்பது ஓரளவு விளங்கலாம். அவர் மனத்தில் இந்த ஒப்பீடு இருந்ததென்று நான் நிறுவப் போவதில்லை. படத்தில் இருக்கிறது, அது போதும்.

'சிதம்பரம்' நாடகத்திலிருந்து வந்ததன்று, சி. வி. ஸ்ரீராமனின் சிறுகதையிலிருந்து வந்தது என்ற ஆட்சேபம் வரும். மூலத்தின் வகை வேறு, இயக்குநரின் கை ஒன்றே. இதில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. சிவகாமியே பிரகிருதி, அவளே கோபுரம், அவளே வானம் என்ற வாதத்துக்குச் சற்றுக் கூடுதல் கவனம் தேவை. சீதை காற்றானபோது அவளுக்குப் பசி இல்லை. சிவகாமிக்கு வேலை இருக்கிறது: வருபவர் செருப்பை வாங்கி வைத்து, திரும்புகையில் எடுத்துக்கொடுத்துக் காசு வாங்குவது. செருப்பையும் சில்லறையையும் தத்துவமாக்குவதற்குக் கொஞ்சம் கல்நெஞ்சு வேண்டும்.

இந்த ஊர் வாசலில் சாதியால் வெளியே நிறுத்தப்பட்டவர் கதையை மேடை நெடுங்காலமாகச் சொல்லி வந்திருக்கிறது. கடலூர் மாவட்டத்து ஆதனூரைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் நந்தனாரைக் கோபாலகிருஷ்ண பாரதி கதாகாலட்சேபத்துக்காகப் பாட, அது நாடக மேடைக்கும் போனது; 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகரும் நந்தனாராகத் திரையில் பாடினார்கள். சேக்கிழார் சொல்லாத வேதியர் எனும் பண்ணையாரைப் பாரதி சேர்த்தார். ஆனால் தீயில் புகுந்த பிறகே உள்ளே போகலாம் என்பதை அவரும் மாற்றவில்லை. அந்தத் தீயின் நினைவு ஒட்டிய ஓமக்குளம் இருக்கும் இதே ஊரில்தான் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரில் பள்ளியைத் தொடங்கினார். 'காஞ்சன சீதா'விலும் தவம் செய்த சூத்திரனான சம்புகனை வதைக்க இராமன் காட்டுக்குள் வருவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

நந்தன் கதையில் வெளியே நின்றவருக்குக் கடைசியில் அழைப்பு வருகிறது, விலை எதுவானாலும். சிவகாமி என்பது சிற்றம்பலத்துக்குள் ஆடுபவர் பக்கத்திலேயே நிற்பவளின் பெயர். அந்தப் பெயரைச் சுமப்பவள் வாசலில் செருப்புகளுக்கு நடுவே இருக்கிறாள். படம் அவளை உள்ளே அழைக்கவில்லை. கோபுரத்தின்மீது ஏறிய கேமரா திரும்பி இறங்கவும் இல்லை.