ரிவால்வர் பராமரிப்பு

ரிவால்வர் பராமரிப்பு என்பது, சுழலும் உருளையில் தோட்டா நிரப்பிச் சுடும் கைத்துப்பாக்கியில் கரி, ஈயம், துரு ஆகியவை சேராமல் துடைத்து எண்ணெயிட்டுக் காக்கும் முறை. குழல், உருளை, சட்டம் ஆகியவற்றை உரிமையாளரே வீட்டில் துடைக்கலாம். உள்ளிருக்கும் விசை அமைப்பைக் கழற்றுவது துப்பாக்கிக் கம்மியரின் வேலை.

வரலாறு

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வர் கருமருந்தால் சுடப்பட்டது. கருமருந்தின் கசடு ஈரத்தை இழுத்து விரைவில் துருவேற்றும் என்பதால் சோப்பும் சுடுநீரும் கொண்டு கழுவினார்கள். பிறகு புகையற்ற வெடிமருந்து வந்தும் தொல்லை தீரவில்லை. தோட்டாவின் அடியில் தீ மூட்டும் பிரைமரில் இருந்த பொட்டாசியம் குளோரேட் எரிந்து விட்டுச்சென்ற உப்பு குழலை அரித்தது. இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலானவற்றில் அந்த உப்பு இல்லை. ஆனால் பல தோட்டாக்களின் பிரைமரிலும் குண்டிலும் ஈயம் இருக்கிறது.

பாதுகாப்பு

உருளையைத் திறந்து தோட்டாக்களை வெளியே தள்ளிய பின், ஒவ்வொரு தோட்டா அறையையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்க வேண்டும். “காலிதான்” என்று பிறர் சொன்னாலும் இந்தச் சோதனையை விடக் கூடாது. நடுவில் எழுந்து போய் வந்தால் மீண்டும் செய்ய வேண்டும். தோட்டாக்கள் வீட்டின் வேறு அறையில் இருக்கட்டும். குழலின் வாய் யாரையும் நோக்கி இருக்கக் கூடாது.

ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அதில் ஆபத்தில்லாத அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. எனவே சாப்பாட்டு மேசையில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. காற்றோட்டமான இடம், கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவை தேவை. முடித்ததும் கைகளைச் சோப்பால் கழுவி, அழுக்குத் துணிகளைப் பையில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

துடைக்கும் முறை

ரிவால்வரின் சட்டம் பின்புறம் அடைபட்டிருப்பதால், துடைப்புக் கம்பியைப் பெரும்பாலும் குழலின் வாய்வழியேதான் செலுத்த வேண்டும். குண்டின் போக்கைத் தீர்மானிப்பது அந்த வாயின் விளிம்பு. எஃகுக் கம்பி உரசி அது தேய்ந்தால் குறி தவறும். ஆகவே பித்தளைக் கம்பியும் வழிகாட்டி வளையமும் நல்லது. முதலில் கரைப்பானில் நனைத்த துணித்துண்டு, சில நிமிடம் கழித்து வெண்கலத் தூரிகை, கடைசியில் அழுக்கு ஒட்டாமல் வரும்வரை உலர்ந்த துணி என்பதே வரிசை. உருளையின் அறைகளுக்கும் இதே முறைதான். நிக்கல் பூசிய துப்பாக்கிக்கு அமோனியா கலந்த கரைப்பான் ஆகாது. அது பூச்சின் அடியில் இறங்கி உரித்துவிடும்.

பலரும் மறக்கும் இடம், சுட்ட தோட்டாக்களின் காலிக் குப்பிகளைத் தள்ளும் நட்சத்திர வடிவத் தட்டின் அடிப்பகுதி. எரியாத மருந்துத் துகள் ஒன்று அங்கே சிக்கினாலும் தட்டு சரியாகப் படியாது. உருளை இறுகும், விசை கனக்கும். பழைய பல்துலக்கியால் தேய்த்தால் போதும். .357 மேக்னம் ரிவால்வரில் நீளம் குறைந்த .38 ஸ்பெஷல் தோட்டாக்களைச் சுட்டுவந்தால் அறைக்குள் கரிவளையம் படியும். அதை அகற்றாவிட்டால் நீளமான தோட்டா முழுதாக உட்காராது.

எண்ணெயும் சேமிப்பும்

உருளை சுழலும் அச்சுக்கும் தள்ளுகோலுக்கும் ஒரு சொட்டு எண்ணெய் போதும். மிஞ்சினால் தூசு ஒட்டும். பிரைமருக்குள் கசிந்தால் தோட்டா வெடிக்காமல் போகலாம். எனவே தோட்டா நிரப்பும் முன் அறைகளை உலரத் துடைக்க வேண்டும். திறந்த உருளையை மணிக்கட்டை உதறி மூடுவது அதைத் தாங்கும் உலோகக் கையை வளைத்துவிடும். கையால் மெல்ல மூடுவதே முறை.

தோலுறைக்குள் நெடுநாள் வைத்தால் தோல் ஈரம் பிடித்துத் துப்பாக்கியைத் துருவேற்றும். சிலிக்கா ஜெல் பையுடன் இரும்புப் பெட்டியில் பூட்டி, தோட்டாக்களை வேறிடத்தில் பூட்டுவது நல்லது. உப்புக்காற்று வீசும் கடலோர ஊர்களில் அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில்

உரிமம் பெற்ற பலர் வைத்திருப்பது கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர். வெப்லி மார்க் 4 ரிவால்வரின் வடிவமைப்பைத் தழுவிய இதன் குழலைக் கீழ்நோக்கி மடக்கித் திறந்தால் ஆறு குப்பிகளும் ஒன்றாக எழும். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுதுபார்க்கும் தொழிலுக்கும் உரிமம் வேண்டும். உருளை ஆட்டம் கண்டாலோ, சுத்தியல் நிற்காமல் நழுவினாலோ, விரிசல் தெரிந்தாலோ அந்தத் துப்பாக்கியைச் சுடாமல் உரிமம் பெற்ற கம்மியரிடமே ஒப்படைக்க வேண்டும்.