தெரியாக்கி சாஸ்: வீட்டுத் தயாரிப்பு

தெரியாக்கி என்பது சோயா சாஸ், மிரின், சாக்கே, சர்க்கரை ஆகியவற்றைச் சுண்டக் காய்ச்சி, தணலில் வேகும் இறைச்சிமேல் பூசும் ஜப்பானிய முறை. 'தெரி' என்றால் மினுமினுப்பு, 'யாக்கி' என்றால் சுடுதல். மிரின் என்பது பசையரிசியிலிருந்து வரும் இனிப்பு மது. அதில் ஏறத்தாழ 14 விழுக்காடு ஆல்கஹால் உண்டு. ஆனால் ஜிஎஸ்டி சாலையிலுள்ள பொத்தேரியில் மளிகைக் கடையில் சோயா சாஸ் கிடைக்கும் அளவுக்கு மிரின் கிடைப்பதில்லை. அதனால் இந்தச் சாஸைக் கைவிட வேண்டியதில்லை. அரைக் கப் சோயா சாஸ், கால் கப் தண்ணீர், நான்கு மேசைக்கரண்டி பொடித்த வெல்லம், தட்டிய இஞ்சி, பூண்டு ஆகியவற்றைச் சிறுதீயில் கரண்டியில் ஒட்டும் பதம்வரை காய்ச்சினால் போதும்.

மிரின் இல்லாதது தெரியாக்கியே அல்ல என்பர் சிலர். மிரினின் நறுமணம் வெல்லத்தில் வராது என்பது உண்மைதான். ஆனால் இந்த உணவின் பெயரே மினுமினுப்பைத்தான் குறிக்கிறது. அதைத் தருவது சுண்டிய இனிப்பு. ஹவாயில் குடியேறிய ஜப்பானியரும் பழுப்புச் சர்க்கரை, அன்னாசிச் சாறு போன்ற உள்ளூர்ப் பொருள்களைச் சேர்த்தே இதைச் சமைத்தனர். உப்பு மிகும் என்ற கவலை நியாயமானது; இறைச்சியில் தனியே உப்பிடாமல் விட்டால் அது தீரும். இனிப்பு விரைவில் கருகுமாதலால், கறி முக்கால்வாசி வெந்தபின் இரண்டு மூன்று முறை மெல்லப் பூசுவதே சரியான முறை.